பெடியள் காசை எங்கே கொட்டுகிறார்கள்? விளம்பரம் மட்டுமா காரணம்?

20.06.2025, முள்ளியவளையிலிருந்து ஒருவர் கேட்டது

இந்தக் காலத்துப் பெடியளுக்குக் காசின் அருமை தெரியாது. கையில் 100 ரூபாய் வந்தால் பின்னேரத்துக்குள் முடிந்துவிடும். நாங்கள் பட்ட பாட்டுக்கு இதுகள் வேறு உலகத்தில் பிறந்ததுகள் போல நடக்குதுகள். போனில் வரும் விளம்பரம்தான் எல்லாத்துக்கும் காரணம் என்கிறேன். யாராவது இல்லை என்று சொல்வீர்களா?

21.06.2025

அண்ணை, உடனே ஓம் என்று எழுதத்தான் வந்தேன். பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில், பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட, பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். 2012இல் தகரக் கொட்டிலில் தொடங்கியது, இப்போது கல்லுச்சுவர். பள்ளி 1.30க்கு விடும். 1.35க்குக் கடை நிறைந்துவிடும். 2 மணிக்கு லாச்சியில் இருக்கும் காசை எண்ணும்போது எனக்கே கொஞ்சம் பயம் வரும், இவ்வளவு காசு இந்தப் பிள்ளைகளிடம் எப்படி வந்தது என்று.

புதிதாக ஒரு பிஸ்கட் வந்தால் எனக்கு முதல் அவர்களுக்குத் தெரியும். போன மாதம் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டது. இல்லை என்றேன். "இன்னும் வரேல்லையா அன்ரி? போன்ல வந்திட்டுதே" என்றது. மூன்று நாள் கழித்துத்தான் கொம்பனி வாகனம் அதைக் கொண்டுவந்து இறக்கியது.

எங்கள் கடையில் விளம்பரம் என்று எதுவும் இல்லை. பிள்ளைகளின் தலைக்குள் எல்லாம் போனிலிருந்துதான் போகிறது. ஆகவே நீங்கள் சொல்வது சரி.

21.06.2025, இரவு

மேலே எழுதியதில் ஒரு பிழை. எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். 13 வயது. "அம்மா, கடைக்கு வெளியில போய்ப் பாருங்கோ" என்று ரோச் லைற்றை எடுத்துத் தந்தாள். இரண்டு பேருமாக எண்ணினோம். 23 விளம்பரம்.

முகப்புப் பலகை ஒரு சோடாக் கொம்பனி தந்தது. அவர்களின் பெயர் ஒரு முழம், என் கடையின் பெயர் மூலையில் ஒரு சாண். ஒழுங்கைப் பக்கச் சுவர் முழுக்க ஒரு போன் கொம்பனியின் நிறம். 2013இல் சுவர் கட்டிப் பூசுவதற்கு எங்களிடம் காசில்லை, இலவசமாகப் பெயின்ற் அடித்துத் தருகிறோம் என்று வந்தார்கள், பெரிய உதவி என்று நினைத்தேன். அன்றைக்கு அது உதவிதான். பிறகு வருசா வருசம் வந்து புதுப்பித்துவிட்டுப் போகிறார்கள். மிச்சம் குளிர்சாதனப் பெட்டி, கயிற்றில் தொங்கும் சம்போ பக்கட்டுகள், மேசையில் ஒட்டிய தாள்கள், மணிக்கூடு. மணிக்கூட்டில்கூட ஒரு தேயிலையின் பெயர். பன்னிரண்டு வருசமாக அதில் நேரம் பார்த்திருக்கிறேன், அந்தப் பெயரை ஒரு நாளும் பார்த்ததில்லை.

23.06.2025

குளிர்சாதனப் பெட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெட்டி இலவசம். பெட்டியைத் தந்த கொம்பனியின் போத்தல்கள்தான் முன்னுக்கு இருக்கவேண்டும் என்பது பேச்சு. கிழமைக்கு ஒருக்கால் வரும் தம்பி தானே அடுக்கிவிட்டுப் போவார், நல்ல பிள்ளை, வெயிலில் வந்து நிற்பார், தேத்தண்ணி கொடுப்பேன். இன்றைக்கு அவர் அடுக்கும்போது முதல் தடவையாக நின்று பார்த்தேன். நிறமான சின்னப் போத்தல்கள் கீழிருந்து இரண்டாம் தட்டுக்குப் போயின. தண்ணீர்ப் போத்தல் மேலே. அவர் போன பிறகு குனிந்து பார்த்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கண் நேராக அந்த இரண்டாம் தட்டில் விழும்.

24.06.2025

மல்லாவி அண்ணை ஒருவர் "எங்களுக்கு விளம்பரமே இல்லை, அதனால்தான் சிக்கனமாக வளர்ந்தோம்" என்று எழுதியிருக்கிறார். அதை அப்படியே விட மனம் வரவில்லை.

1990இல் சண்டையோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. சவர்க்காரம், பற்றரி, மண்ணெண்ணெய் எல்லாம் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, அண்ணா பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். அதில் சவர்க்கார விளம்பரம் வரும். எனக்கு அந்தப் பாட்டு முழுக்கப் பாடம். வீட்டில் அந்தச் சவர்க்காரம் இல்லை, ஊரிலும் இல்லை. கிணற்றடியில் வெறும் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடிக் குளித்திருக்கிறேன். ஆகவே விளம்பரம் இருந்தது அண்ணை. சாமான்தான் இருக்கவில்லை. கிடைக்காத இடத்தில் செலவழிக்காமல் இருந்ததைச் சிக்கனம் என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து அக்கராயன் பக்கம் மரத்துக்குக் கீழே படித்தோம். 15 வயது. வவுனியா போய்வந்த ஒரு பிள்ளையிடம் மணக்கிற அழிறப்பர் ஒன்று இருந்தது, பச்சையும் வெள்ளையும், ஸ்ரோபெரி வாசம் என்றாள். ஸ்ரோபெரி என்றால் என்ன என்றே எங்களுக்குத் தெரியாது. அம்மா பால்மா ரின்னுக்குள் போட்டு வைத்த சில்லறையில் பத்து ரூபாயை எடுத்து அதை வாங்கினேன். அழிக்கவே இல்லை. மணந்து மணந்து பார்த்துக்கொண்டு வைத்திருந்தேன். அம்மா சாகும்வரை அதைச் சொல்லவில்லை, இங்கேதான் முதல் தடவை எழுதுகிறேன்.

எந்த விளம்பரமும் சொல்லித் தராமலே அந்த ஆசை வந்தது. ஆனால் அது அந்த அழிறப்பரோடு அடங்கிவிட்டது. நாளைக்கு இதைவிடப் பெரியது வருகிறது, உன் சிநேகிதிகள் எல்லாரும் வாங்கிவிட்டார்கள் என்று இரவு படுக்கும்வரை யாரும் என் காதுக்குள் சொல்லவில்லை.

27.06.2025

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் நித்திரை வராது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ஆச்சி. பேரனும் அவவும் மட்டும்தான். பேரன் உயர்தரம் படிக்கிறான், 17 வயது. அரசாங்கம் தரும் அஸ்வெசும உதவிக் காசும், இடைக்கிடை தெரிந்தவர்கள் கொடுப்பதும்தான் சீவியம். அவவுக்கு என்னிடம் கடன் கொப்பியில் ஒரு பக்கம் உண்டு. காசு கைக்கு வந்ததும் ஆச்சி தானே வந்து தீர்ப்பா. ஒரு நாளும் பிந்தியதில்லை.

இன்றைக்கு வந்தா. கண் மங்கல், கணக்கு நான்தான் வாசிக்கவேண்டும். 3,850 ரூபாய் என்றேன். ஆச்சி சேலைத் தலைப்பை அவிழ்த்து எண்ணத் தொடங்கினா. எண்ணிக்கொண்டே, "பிள்ளை, நான் இவ்வளவு சீனி வாங்கேல்லையே" என்றா. கோபமாக இல்லை. தனக்குத்தான் மறந்துபோச்சு என்ற மாதிரி, மெதுவாக.

கொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். அரிசி, பருப்பு, சீனி, தேயிலை எல்லாம் சேர்த்து 1,390. மிச்சம் 2,460. ரீலோட் (போனுக்குப் போடும் காசு) 100 என்று 21 தடவை, சோடா 120 என்று மூன்று தடவை. எல்லாம் என் கையெழுத்து. "அம்மம்மான்ர கணக்கில எழுதுங்கோ அன்ரி" என்று பெடியன் சொல்வான், கடையில் சனம் நிற்கும், நானும் எழுதிவிடுவேன். ஒன்றரை மாதத்தில் இருபத்தொரு தடவை எழுதியிருக்கிறேன். ஒருக்கால்கூட ஏன் இவ்வளவு ரீலோட் என்று கேட்கவில்லை.

ஆச்சியிடம் 1,390 மட்டும் வாங்கினேன். கூட்டலில் பிழை விட்டிட்டன் ஆச்சி என்றேன். "பாத்து எழுது பிள்ளை, நீயும் நட்டப்படக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனா. அவ ஒழுங்கை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

28.06.2025

பெடியனைக் கூப்பிட்டுப் பேசினேன். ஏசவில்லை. ஏசுவதற்கு எனக்கு என்ன நியாயம் இருக்கிறது, எழுதியது நான்.

காசு ஒரு துவக்குச் சூட்டு விளையாட்டுக்குப் போயிருக்கிறது. (அந்தச் சத்தத்தைப் பிள்ளைகள் விரும்பிக் கேட்பது இன்றும் எனக்குத் தாங்காது. 2009ஐக் கடந்து வந்த யாருக்கும் தாங்காது. அது வேறு கதை.) அதற்குள் வைரம் என்று ஒன்று வாங்கலாம். ரீலோட் காசிலேயே வாங்கலாம். வைரத்தைக் கொடுத்தால் விளையாட்டில் ஓடும் ஆளுக்கு உடுப்பு, துவக்குக்கு நிறம். சண்டையில் வெல்ல அது உதவுமா என்று கேட்டேன். இல்லையாம். அப்ப ஏன் என்றேன்.

"எல்லாரும் நல்ல உடுப்புப் போட்டிருக்கிறாங்கள் அன்ரி. நான் மட்டும் அவங்கள் முதல்ல சும்மா தாற உடுப்போட ஓடுறன். பாத்துச் சிரிக்கிறாங்கள்."

எனக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை. நிவாரணத்துக்கு வந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தோளில் பெரிதாக, கையில் நீளமாக, வகுப்பில் கடைசியில் போய் இருந்தவள் நான். சும்மா கிடைத்த உடுப்பு என்பது ஒரு பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும். இவனைக் காசின் அருமை தெரியாதவன் என்று சொல்ல என்னால் முடியாது அண்ணை. காசு இல்லாதது எப்படி இருக்கும் என்று அவனுக்கு நல்லாகத் தெரியும், அதனால்தான் அது வெளியில் தெரியாமல் மறைக்கப் பார்க்கிறான்.

பாதி பிழை என்னுடையது என்று சொன்னேன். 2,460இல் 1,230 எனக்கு. மற்ற 1,230க்கு அவன் சனிக்கிழமைகளில் வந்து சீனி, பருப்பு நிறுத்துப் பைகளில் கட்டித் தருவான், நாளுக்கு 300. இன்றைக்கே தொடங்கிவிட்டான்.

29.06.2025

அந்த வைரக் கணக்கு என்னை விடுகிறதாயில்லை. இரவு மகனோடு இருந்து பார்த்தேன். விளையாட்டுக்குள் எந்தச் சாமானுக்கும் ரூபாயில் விலை இல்லை, எல்லாம் வைரத்தில். ஒரு உடுப்புக்குத் தேவையான அளவு வைரம் சரியாக ஒரு கட்டில் வராது, கொஞ்சம் குறையும், இன்னொரு கட்டு வாங்கவேண்டும், அதில் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியது கையில் இருக்கிறதே என்று அடுத்ததைப் பார்க்கும். பக்கத்தில் மணிக்கூடு ஓடுகிறது, இன்னும் 3 மணித்தியாலம்தான் இந்த விலை என்று. பெரிய ஆட்களே சந்தையில் "இப்ப விட்டா கிடையாது" என்ற சத்தத்துக்கு மயங்குவோம். இது ராத்திரி பதினொரு மணிக்கு, பாயில் படுத்திருக்கும் பிள்ளையின் கைக்குள் நடக்கிறது.

சின்னக் கட்டு 300 ரூபாய் சொச்சம். நாட்டரிசிக் கட்டுப்பாட்டு விலை கிலோ 230. மகள் கடை வாசலில் இருக்கும் கரும்பலகையில் "ஒரு வைரக் கட்டு = ஒன்றேகால் கிலோ நாட்டரிசி" என்று எழுதிவிட்டாள். பெடியள் நின்று வாசித்துச் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்காமல் போனை எடுத்துக் கணக்குப் பார்த்தான்.

02.07.2025

லண்டனிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியது: "அக்கா, நாங்கள் ஊருக்கு வரும்போது போட்டு வரும் சப்பாத்தும் விளம்பரம்தான்." உண்மை. இந்த வருசம் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனபோது என் மகன் அம்மனைப் பார்த்ததைவிடத் தன் பெரியம்மா மகனின் காலைப் பார்த்ததுதான் கூட. அவன் கனடாவில் இருந்து வந்தவன், நல்ல பிள்ளை, ஒன்றும் பீற்றவில்லை. வீட்டுக்கு வந்து என் மகன் அந்தச் சப்பாத்தின் விலையைத் தேடிப் பார்த்திருக்கிறான். அன்றையிலிருந்து அவனது போனில் சப்பாத்து விளம்பரம் ஓயவில்லை. பெரியம்மா இரண்டு வேலை செய்து, ஒன்று இரவு வேலை, குளிரில் பஸ் பிடித்துப் போய் அதை வாங்கிக் கொடுத்தது படத்தில் வராது.

அந்தப் பெரியம்மா, என் அக்கா, இருப்பது மொன்றியலில். அங்கே கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நோக்கி வியாபார விளம்பரம் செய்வது 1980 முதல் சட்டப்படி தடை. ஒரு விளையாட்டுச் சாமான் கொம்பனி வழக்குப் போட்டு, 1989இல் கனடா உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்த்தது. சுவீடனிலும் 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தொலைக்காட்சி விளம்பரம் கூடாது. இங்கேயும் முடியாததில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சிகரெட் விளம்பரமும் மதுபான விளம்பரமும் இலங்கையில் இல்லை, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கவும் கூடாது. என் மகளுக்கு ஒரு சிகரெட் விளம்பரம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. என் இளமையில் அதைக் கற்பனை செய்திருக்க முடியுமா?

05.07.2025

பெடியன் இன்றைக்குச் சீனி நிறுக்கும்போது ஒன்று செய்து பார்த்தோம். 400 மில்லி போத்தல் ஒன்றில் 100 மில்லிக்கு 9 கிராம் சீனி என்று போட்டிருந்தது. 36 கிராமைத் தராசில் நிறுத்துக் கடதாசியில் கொட்டினோம். சின்னக் குவியல் இல்லை. ஒன்பது தேக்கரண்டி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு பொடிச்சி விரலால் தொட்டு நக்கினாள்.

அப்புறம் இரண்டு பேர் அதே சோடாவை வாங்கிக் குடித்தார்கள்.

06.07.2025

நேற்று எழுதியதற்கு: போத்தலில் சிவப்புப் புள்ளி இருக்குமே, பிள்ளைகளுக்குத் தெரியாதா என்று கேட்டிருந்தார்கள். 2016 முதல் சீனியின் அளவைக் காட்ட நிறப்புள்ளி போடவேண்டும், சரி. 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல் போனால்தான் சிவப்பு. 2 முதல் 11 வரை செம்மஞ்சள். எங்கள் போத்தல் 9, ஆகவே செம்மஞ்சள். பிள்ளைகள் செம்மஞ்சளைப் பார்த்தால் தோடம்பழம் என்று நினைக்கிறார்கள். நானும் பல வருசம் அப்படித்தான் நினைத்தேன்.

09.07.2025

பெடியளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், பொம்பிளைப் பிள்ளைகளை மறந்துவிட்டோம் என்று ஒருவர் சொன்னார். சொன்னது சரி.

வயல் வெயிலில் வளர்ந்த பிள்ளைகள் எங்களுடையவை. ஃபெயார் அன்ட் லவ்லி 2020இல் பெயரை குளோ அன்ட் லவ்லி என்று மாற்றியது, ஆனால் கடைக்கு வரும் பிள்ளைகள் இன்னும் "வெள்ளையாக்கிற கிறீம்" என்றுதான் கேட்கிறார்கள். அதாவது பழைய விளம்பரம் சொன்னது அவர்களுக்குள் அப்படியே இருக்கிறது. அதைவிடப் பயம் தருவது போனில் பார்த்துத் தபாலில் எடுக்கும், யார் செய்தது என்ற விபரமே இல்லாத கிறீம்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் பாதரசம் இருக்கும். தோலின் நிறத்தைத் தரும் மெலனின் உண்டாவதை அது தடுக்கும், அதனால் சில நாளில் வெளுக்கும், பிள்ளைக்குச் சந்தோசம். ஆனால் பாதரசம் தோலால் உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். என் மகளின் கொப்பிப் பைக்குள் அப்படி ஒரு சின்ன டப்பா இருந்தது. சிநேகிதி நான்கு பேர் காசு சேர்த்து வாங்கிப் பங்கு போட்டிருக்கிறார்கள். இரவு முழுக்க அவளோடு பேசினேன். என் அம்மாவும் நானும் அவளும் ஒரே நிறம் என்று கையை நீட்டிக் காட்டினேன். டப்பாவைத் தந்துவிட்டாள். நம்பினாளா என்று தெரியாது.

13.07.2025

வீட்டில் ஒரு வேலை செய்தோம். இவர் முதலில் வேண்டாம் என்றார், பிள்ளைகளுக்கு எங்கள் கஷ்டம் ஏன் என்று. நான் விடவில்லை. வயல் கணக்கும் கடைக் கணக்கும் இரண்டு கொப்பியையும் நடு வீட்டில் விரித்து, மகனை வாசிக்கச் சொன்னோம்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடி, பாடம் போனில் வரத் தொடங்கியபோது என் காப்பை அடகு வைத்து ஒரு போன் வாங்கினோம். அந்தப் போன்தான் எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் விளம்பரப் பெட்டி. படிப்புக்கு என்று நாங்களே கூட்டி வந்தோம். 2021இல் இரசாயன உரத் தடை, இரண்டு ஏக்கரிலும் கதிர் சிறுத்துப்போனது, காப்பை மீட்க முடியவில்லை. அடுத்த வருசம் ரூபாய் விழுந்தது. அந்தப் பக்கங்களில் எல்லாம் "காப்பு வட்டி" என்று ஒரு வரி மாதா மாதம் வரும். மகன் அதை வாசித்துக்கொண்டே போனான். ஒரு இடத்தில் நின்றான்.

"அம்மா, இந்தக் காப்பு எப்ப வந்தது?"

"வரேல்லை தம்பி."

பிறகு அவன் வாசிக்கவில்லை. சப்பாத்துக் கதை வரவும் இல்லை. ஆனால் அதை நான் வெற்றி என்று எழுத விரும்பவில்லை. பிள்ளை வாயை மூடிக்கொண்டால் மனதுக்குள் என்ன என்று தெரியாமல் போய்விடும். அடுத்த நாள் நானே கேட்டேன், அந்தச் சப்பாத்து இன்னும் வேண்டுமா என்று. ஓம் என்றான். எனக்கு அந்த ஓம் பிடித்திருந்தது. சிறுபோக நெல் விற்றதும் பார்ப்போம், அதுவரை நீ கிழமைக்கு எவ்வளவு சேர்ப்பாய் என்று கேட்டு ஒரு கொப்பி கொடுத்தேன்.

20.07.2025

ஆச்சியின் பேரன் நேற்றோடு நான்கு சனிக்கிழமை. 1,200 கழிந்தது. மிச்சம் 30 ரூபாயைச் சில்லறையாக மேசையில் வைத்தான். கொப்பியில் அந்தக் கணக்கை வெட்டினேன், அவன் பக்கத்தில் நின்று பார்த்தான். பிறகு 100 ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டி ரீலோட் போடச் சொன்னான். போட்டேன். கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை.

கடையில் பிள்ளைகளுக்குக் கடன் இல்லை என்று பலகையில் எழுதியாயிற்று. பெரியவர்களின் கணக்கில் வேறு ஆள் வாங்கினால் அவர்களிடம் கேட்டுத்தான் எழுதுவேன். 1.30 வியாபாரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, மறைக்கவில்லை. கீழிருந்து இரண்டாம் தட்டில் தண்ணீர்ப் போத்தலையும் மோரையும் வைத்தேன். பெட்டிக்காரத் தம்பி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, மேல உள்ளவைக்குப் படம் எடுத்து அனுப்பவேணும், எனக்குத்தான் பேச்சு விழும்" என்றார். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளை. படம் எடுக்கும்வரை மாற்றி வைத்தேன், எடுத்த பிறகு திரும்ப வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சுவருக்குப் பெயின்ற் அடிக்க வருகிறார்களாம். பின்பக்கச் சுவரைத் தருகிறேன், ஒழுங்கைப் பக்கம் தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். பின்பக்கம் யார் பார்ப்பது என்று கேட்டார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை. ஒழுங்கைப் பக்கத்துக்குச் சுண்ணாம்பு வாங்க எவ்வளவு முடியும் என்று மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.